சைகோன் நான்காம் வட்டத்துச் சந்துக் கடைகள்: விடியற்காலை முதல் நள்ளிரவு வரை சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில், பழைய பெயர் சைகோன், நான்காம் வட்டத்தில் ஏதாவது ஒரு சந்து வாசலைக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். கரியடுப்பில் பன்றி விலா வாட்டி, நொய்யரிசிச் சோற்றின் மேல் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்கு அடுப்பும் இருக்காது, ஸ்டூலும் இருக்காது, வீட்டுக்காரர் பைக் நின்றிருக்கும். மூன்று மணிக்கு அதே இரண்டு மீட்டர் நடைபாதையில் வேறொருவர் குடல் குழம்புப் பானையை இறக்குவார். இரவு ஏழுக்கு மேல் அங்கேயே நத்தையும் மட்டியும் வறுபடும். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய் நிற்பவர், கடையை மூடிவிட்டார்கள் என்று எண்ணித் திரும்பிவிடுவார். இந்தப் பேட்டையில் முகவரியைவிட மணி முக்கியம். அதனால் இந்த வழிகாட்டியும் கடிகாரத்தின்படியே போகிறது.

இடம் எது, எப்படிப் போவது

நான்காம் வட்டம் தண்ணீர் சூழ்ந்த ஒரு முக்கோணத் திட்டு. ஒரு பக்கம் சைகோன் ஆறு, ஒரு பக்கம் பென் ஙே கால்வாய், மறுபக்கம் கென் தே கால்வாய். பரப்பு நாலு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். பழைய துறைமுகக் கூலிகள் வாழ்ந்த இடம் என்பதால் வீடுகள் சிறியவை, சந்துகள் நெருக்கமானவை. கொஞ்சமாக, மலிவாக, நாளைக்குப் பல தடவை சாப்பிடும் பழக்கம் இங்கே ஊறியிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் வட்ட நிர்வாகமே எடுக்கப்பட்டு, இந்தப் பகுதி ஸோம் சியூ, கான் ஹோய், வின் ஹோய் என்ற மூன்று வார்டுகளாகிவிட்டது. ஆனால் கடைப் பலகைகளிலும் பைக் டாக்ஸிக்காரர் வாயிலும் இன்னமும் அது நான்காம் வட்டம்தான்.

நகரின் நடுவிலிருக்கும் பென் தான் சந்தையிலிருந்து இங்கே வர இரண்டு கிலோமீட்டர் போல ஆகும். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ வழித்தடத்தின் கடைசி நிலையமும் பென் தான்தான். அங்கிருந்து கால்வாயைக் கடக்க மூன்று பாலங்கள் உதவும். நத்தைக் கடைகளுக்கு ஓங் லான் பாலம் ஏறி ஹுவாங் யியூ சாலையில் இறங்குங்கள். சந்துகளுக்குள் நுழைய கல்மெத் பாலம் வசதி, அது டுவான் வான் பொ சாலையில் கொண்டுவிடும். ஆற்றோரமாக வர விரும்பினால் கான் ஹோய் பாலம். வெயில் தாழ்ந்தபின் நடந்தே போகலாம். பகலில் செயலி வழியாக பைக் டாக்ஸி பிடியுங்கள். காரில் வந்தால் சந்து முனையிலேயே இறங்க வேண்டிவரும்.

இந்த வட்டத்துக்கு ஒரு காலத்தில் ரவுடிப் பேட்டை என்று பெயர். 2004-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட தாதா நாம் காம் இந்தப் பகுதியிலிருந்து கிளம்பியவர்தான். ஊர்க்காரர்களில் வயதானவர்கள் இன்னமும் எச்சரிப்பார்கள். இன்று பயப்பட வேண்டியது அதற்கு அல்ல, பைக்கில் வந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான். நடுத்தெருவில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். சுவரோரம் ஒதுங்கி, சாலைக்கு முதுகு காட்டாமல் நின்று பாருங்கள். ஸ்டூலில் உட்காரும்போது சாலைப் பக்க மேசை விளிம்பில் கைபேசியை வைக்காதீர்கள். பை மடியில் இருக்கட்டும்.

கிளம்புமுன் மூன்று வேலைகள்

முதல் வேலை பணம். உள்ளூர்க்காரர்கள் தள்ளுவண்டியில்கூட வங்கிச் செயலியால் ஸ்கேன் செய்து கொடுப்பார்கள். வியட்நாம் வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு ரொக்கம்தான் வழி. ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 30,000 டாங் கிட்டத்தட்ட 100 ரூபாய். ஒரு முழுநாள் சாப்பாட்டுக்கு, இரவு நத்தையும் ஒன்றிரண்டு பியரும் சேர்த்து, ஆளுக்கு 4,50,000 டாங் போதும். 5,00,000 தாளை நீட்டினால் காலை நேரக் கடையில் சில்லறை இருக்காது. முந்தின நாளே பல்பொருள் அங்காடியில் மாற்றி 10, 20, 50 ஆயிரம் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோருமே செய்யும் தவறு ஒன்று உண்டு: 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீலம். மங்கிய விளக்கில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் போனது போனதுதான். பெரிய தாள்களைத் தனிப் பையில் வையுங்கள்.

விலை சொல்லும்போது ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். ‘ஐம்பது’ என்றால் ஐம்பதாயிரம். பலகையில் எண்ணுக்குப் பின்னால் ஆங்கிலக் கே எழுத்து இருந்தாலும் அதுவே பொருள்.

இரண்டாவது, சந்து முகவரி படிக்கத் தெரிய வேண்டும். சந்துக்கு இங்கே ‘ஹெம்’ என்று பெயர். ஹெம்முக்குத் தனிப் பெயர் கிடையாது, அது பிரியும் இடத்திலுள்ள பெருஞ்சாலை எண்தான் அதற்குப் பெயர். 200/18/4 என்று இருந்தால், சாலையில் 200-ஆம் எண்ணருகே பிரியும் சந்தில் நுழைந்து, அதில் 18 எங்கே கிளை பிரிகிறதோ அதற்குள் போய், நாலாம் எண் வீட்டைத் தேட வேண்டும். சாய்கோடு எத்தனையோ அத்தனை திருப்பம். மூன்று கோடு இருந்தால் பைக்கே நுழையாத இடமாகவும் இருக்கலாம். வரைபடச் செயலி முதல் கோடு வரைதான் சரியாகக் காட்டும். அதற்குமேல் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் கைபேசித் திரையைக் காட்டினால் கையைக் காட்டி அனுப்புவார்.

மூன்றாவது, கூப்பிடும் முறை. இங்கே தமிழருக்குப் பாதி வேலை மிச்சம். வியட்நாமியரும் முன்பின் தெரியாதவரை உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சற்று மூத்த பெண் ‘சி’, அதாவது அக்கா. மூத்த ஆண் ‘ஆன்’, அண்ணன். இளையவர் யாராயிருந்தாலும் ‘எம்’, தம்பியும் அதுதான் தங்கையும் அதுதான். அம்மா வயதுப் பெண்ணை ‘கோ’ என்றால் அத்தை, ‘யீ’ என்றால் சித்தி. அப்பா வயது ஆண் ‘சூ’, சித்தப்பா. இதோடு ‘ஒய்’ சேர்த்தால் விளி: ‘சி ஒய்!’ நம் ஊரில் ‘ஓய்’ என்றால் சண்டைக்கு வருவார்கள், இங்கே அதுவே மரியாதை. சத்தமாகக் கூப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தயங்கிக் கையை மட்டும் தூக்கினால்தான் யாரும் வரமாட்டார்கள்.

கடைப் பெயர்களிலும் இந்த உறவுமுறை உண்டு. ‘மூன்றாம் அத்தை’, ‘நாலாம் சித்தி’ என்ற மாதிரிப் பலகைகளைப் பார்ப்பீர்கள். தென்வியட்நாமில் மூத்த பிள்ளையை ‘இரண்டு’ என்றுதான் அழைப்பார்கள், ‘ஒன்று’ கிடையாது. ஆகவே மூன்றாம் அத்தை அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை.

காலை 6 முதல் 9 வரை: நொய்யரிசியும் தேரைக் காப்பியும்

முதலில் கொம் தாம். அரவையில் உடைந்த நொய்யரிசியைச் சோறாக்கியது. ஒரு காலத்தில் ஏழைச் சாப்பாடு, இப்போது சைகோனின் அடையாளம். உடைந்த அரிசி என்பதால் உதிரியாக இருந்தாலும் குழம்பைச் சட்டென உறிஞ்சும். அதுதான் இதன் குணம். தட்டில் வாட்டிய பன்றி விலா, வறுத்த அரிசிப் பொடியில் புரட்டிய பன்றித்தோல் இழை, முட்டையும் இறைச்சியும் சேர்த்து அவித்த துண்டு, மேலே வெங்காயத்தாள் எண்ணெய், ஓரத்தில் முள்ளங்கி கேரட் ஊறுகாய் வரும். விலா ‘சுவன்’, தோலிழை ‘பீ’, அவித்த துண்டு ‘சா’. மூன்றும் வேண்டுமென்றால் மூன்று பேரையும் அடுக்கிச் சொல்லுங்கள். 40,000 முதல் 60,000 டாங். பன்றி வேண்டாதவர்கள் முட்டைப் பொரியலோடு மட்டும் கேட்கலாம், ஆனால் வெங்காயத்தாள் தாளித்தது பன்றிக்கொழுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைக் குச்சியால் சாப்பிட முயன்று சோற்றைச் சிந்தாதீர்கள். உள்ளூர்க்காரர்களே கரண்டியும் முள்கரண்டியும்தான் வைத்துக்கொள்கிறார்கள். கிண்ணத்தில் தரும் இனிப்பு மீன் சாறான நூக் மாமைச் சோற்றின் மேல் மொத்தமாகக் கவிழ்க்காமல், வாய்க்கு வாய் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல கடையைக் கண்டுபிடிக்கப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. கரியடுப்பு வாசலில் புகைய வேண்டும், விலா உங்கள் கண்முன் வாட்டப்பட வேண்டும். வாட்டி அடுக்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிக் கிடந்தால் அடுத்த கடைக்கு நடங்கள். எட்டரைக்கு மேல் போனால் பெரும்பாலும் ஆறினதுதான் கிடைக்கும்.

பிறகு காப்பி. நடைபாதையில் தாழ்வான ஸ்டூல் போட்டு விற்பதை ‘கா ஃபே கோக்’ என்பார்கள், தேரைக் காப்பி. தேரைபோல் குந்தி உட்கார்ந்து குடிப்பதால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. டிக்காக்ஷன் ரோபஸ்டா கொட்டையில் இறக்கியது, கும்பகோணம் டிகிரி காப்பியைவிடக் கசப்பும் கனமும் அதிகம். அடியில் டின் பால் இருக்கும். நன்றாகக் கலக்கிய பிறகே ஐஸில் ஊற்றுங்கள். ஐஸில் ஊற்றிவிட்டுக் கலக்கினால் பால் அடியிலேயே இறுகிவிடும். கசப்பு தாங்காதவர்கள் ‘பாக் ஸியூ’ கேளுங்கள், அது பால் தூக்கலாக வரும். 15,000 முதல் 25,000. கூடவே வரும் வெறும் டீ இலவசம், அல்லது இரண்டாயிரம் மூவாயிரம்.

ஐஸ் பற்றி ஒரு வரி. நடுவில் ஓட்டையுள்ள உருளைக் கட்டி என்றால் ஆலையில் செய்தது. பெரிய பாளத்தைச் சாக்கில் போட்டு உடைத்த சில்லாக இருந்தால் தவிர்த்துவிடுவது நல்லது.

10:30 முதல் 1 வரை: சும்மா ஒரு சாப்பாடு

மதியம் இந்த வட்டத்தில் தேடி அலைய ஒன்றுமில்லை. கண்ணாடிப் பெட்டியில் பத்துப் பதினைந்து பதார்த்தம் வைத்திருக்கும் சாதாரணச் சோற்றுக் கடையில் விரலால் சுட்டிக்காட்டி வாங்குங்கள், 40,000 டாங் ஆகும். சூப் தானாக வரும். ஒன்றரைக்கு மேல் ஊரே படுத்துவிடும், கடைக்காரரும் மேசைக்கு அடியில் பாய் விரித்துவிடுவார். நீங்களும் அறைக்குப் போய்த் தூங்குங்கள். மாலையில் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

2:30 முதல் 6 வரை: சந்துக்குள் நிஜமான வேட்டை

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் கொறிப்பதைத் தெற்கில் ‘ஆன் ஸே’ என்பார்கள். இந்த வட்டத்தின் பேர் நிற்பது இந்த நேரத்தில்தான். பள்ளி விட்ட பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோர், தறுதலைகள், தாத்தாக்கள் எல்லோரும் தெருவில் இருப்பார்கள்.

இரண்டு இடங்களைச் சுற்றினால் போதும். ஒன்று ஸோம் சியூ சாலையின் 200-ஆம் எண் சந்து. ஸோம் சியூ என்றால் பாய்க்காரர் குடியிருப்பு; கோரைப்பாய் விற்ற இடம் என்பதால் வந்த பெயர். சந்துக்குள் சந்தையும் தின்பண்டக் கடைகளும் கலந்து கிடக்கும். இன்னொன்று தோன் டான் சாலை, குறிப்பாக அதன் 243-ஆம் எண் சந்து. ஃபா லாவுக்குப் பேர்போன இடம்.

ஃபா லாவ் என்பது மாட்டுக் குடலும் மற்ற உள்ளுறுப்புகளும் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காகக் கொதித்த குழம்பு. தெற்குச் சீனத்துத் தியோச்சூ மக்கள் கொண்டுவந்தது. தேங்காய்ப்பால் சைகோன் சேர்த்தது. பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ வாசனை தூக்கும். நம் ஊர்க் குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வாயிலேயே பிடித்துப்போகும், ஆனால் காரத்தை எதிர்பார்க்காதீர்கள், இனிப்புதான் முன்னால் நிற்கும். ஒரு கிண்ணம் 30,000 முதல் 40,000. கூடவே ஒரு பான் மீ ரொட்டி வாங்கிப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். புளிப்பும் மிளகாயும் கலந்த சாறு தனியாக வரும், குடலை அதில் தோய்த்துக்கொள்ளுங்கள். குடல் சரியாகக் கழுவப்பட்டிருக்கிறதா என்பதை மூக்கே சொல்லிவிடும். பானைக்கு மேல் குனிந்து பாருங்கள். தேங்காயும் பட்டையும் மட்டும் மணக்க வேண்டும். நாலு மணிக்குள் போனால் துண்டுகள் மெத்தென்றும் கலப்பாகவும் கிடைக்கும். கடைசியில் அடியில் தங்குவது ரப்பர் போன்ற துண்டுகள்தான்.

அடுத்தது சூப் குவா, நண்டுச் சதையும் கோழியும் காடை முட்டையும் போட்டுச் சோளமாவில் கெட்டியாக்கிய சூப். 20,000 முதல் 40,000. இங்கே ஒரு எழுத்துப் பொறி இருக்கிறது. நத்தைக்கும் மூளைக்கும் இரண்டே எழுத்து, ஆங்கில ஓ-வும் சி-யும். ஓ-வின் தலையில் கூரை போலத் தொப்பியும் அதன்மேல் ஒரு கீற்றும் இருந்தால் நத்தை. தொப்பியில்லாமல் வெறும் கீற்று மட்டும் இருந்தால் மூளை. சூப் கடைப் பலகையில் இருப்பது பன்றி மூளை. நத்தை சூப் என்று நினைத்து வாங்கிவிட்டு விழிக்காதீர்கள்.

போட் சியென் என்பது அரிசிமாவை அவித்துக் கட்டியாக்கி, துண்டு போட்டு, தட்டைக் கல்லில் பொரித்து, மேலே முட்டை ஊற்றுவது. துருவிய பச்சைப் பப்பாளியும் புளிப்பான சோயா சாறும் உடன் வரும். வெளியே மொறுமொறு, உள்ளே கொழுக்கட்டை மாவு மாதிரி. ஆறினால் தோல் மாதிரி இழுபடும், ஆகவே எடுத்துக்கொண்டு நடக்காமல் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பான் ட்ராங் ட்ரோன் நேர்மாறு. அரிசித்தாள் கீற்று, மாங்காய், நிலக்கடலை, இறால் உப்பு, உலர்ந்த மாட்டிறைச்சி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பிசைந்து தருவது. அதை நடந்துகொண்டே தின்னலாம், பத்து நிமிடம் ஊறினால் சுவை கூடவே செய்யும்.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் சறுக்குவது அளவில்தான். முதல் கடையிலேயே ஆளுக்கொரு கிண்ணம் வாங்கி வயிற்றை அடைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் போனால் ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி. ‘மோட் ஃபான்’ என்றால் ஒரு பங்கு. பகிர்ந்து சாப்பிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கடை ஸ்டூலில் உட்கார்ந்து பக்கத்துக் கடைப் பண்டத்தைத் தின்பதற்கு முன் அந்தக் கடையிலும் ஏதாவது வாங்குங்கள், ஒரு டீயாவது.

நடைபாதையை அதிகாரிகள் சுத்தம் செய்ய வரும் நாளில் ஸ்டூல்கள் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் சந்துக்குள் நகர வேண்டியதுதான். கடை காணாமல் போனால் இருபது மீட்டர் உள்ளே தேடிப் பாருங்கள்.

இரவு 7 முதல் 11 வரை: நத்தைத் தெரு

வின் கான் சாலை ஹுவாங் யியூவில் தொடங்கி தோன் டானில் முடியும். நீளம் ஒரு கிலோமீட்டர் அளவு. இரண்டு பக்கமும் நத்தைக் கடை. ‘ஓக்’ என்றால் நத்தை, ஆனால் ஓட்டுக்குள் இருக்கும் எதுவும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்: மட்டி, சிப்பி, சங்கு, நண்டுக்கால்கூட. கடைசி எழுத்தைச் சொல்லும்போது உதடு மூட வேண்டும், ‘ஓப்’ என்று காதில் விழும்.

கூட்டத்தைப் பார்த்து மட்டும் கடை தேர்ந்தெடுக்காதீர்கள். முன்னால் உள்ள தட்டுகளைப் பாருங்கள். ஓட்டின் வாயில் தண்ணீர் குமிழ வேண்டும், மட்டி விரலால் தொட்டதும் மூட வேண்டும். ஐஸில் கிடக்கும் அரைத் திறந்த மட்டிகள் செத்தவை. அடுத்து விலைப்பலகை. எண் போட்டிருந்தால் உட்காருங்கள். ‘அன்றைய விலை’ என்று போட்டிருப்பது பெரிய இறால், நண்டு, உயர்ரகச் சங்குகளுக்கு வழக்கம்தான், ஆனால் சொல்லுமுன் ‘பாவ் நியூ?’, எவ்வளவு, என்று கேட்டு, கைபேசிக் கணக்கியில் எண்ணை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தகராறு வருவதெல்லாம் கேட்காமல் சொன்ன தட்டில்தான்.

இரண்டு பேருக்கு நாலு தட்டு கணக்கு, ஒவ்வொன்றும் ஒரு பக்குவம். பக்குவத்தை மாற்றாமல் நாலும் பூண்டில் வறுத்ததாக வாங்கினால் மூன்றாவது தட்டிலேயே நாக்கு செத்துவிடும். எங்கள் பரிந்துரை இந்த வரிசை:

முதலில் வாட்டியது. ‘ஸோ டியெப்’ என்ற விசிறிச் சிப்பியைக் கரியில் வாட்டி, வெங்காயத்தாள் எண்ணெயும் பொடித்த கடலையும் தூவுவார்கள். சூட்டோடு ஓட்டைச் சாய்த்துச் சாறோடு உறிஞ்ச வேண்டும்.

இரண்டாவது உப்பு மிளகாயில் வறுத்தது. இதற்கு ‘ஓக் ஹுவோங்’ என்ற புள்ளி போட்ட சிறு சங்கு. முதலில் வாயை அடைத்திருக்கும் கறுப்பு மூடியைக் குத்தி எறியுங்கள். பிறகு சதையில் குத்தி, ஓடு சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்பி இழுங்கள். வெடுக்கென இழுத்தால் பாதி உள்ளேயே அறுந்து நிற்கும். ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் உப்புக் காரத்தை ஊர்க்காரர்கள் நக்கிவிட்டுத்தான் கீழே போடுவார்கள்.

மூன்றாவது புளிச் சாறு. ‘ஸோ ஹுயெத்’ என்னும் மட்டி இதற்கு ஏற்றது. பேரே ரத்த மட்டி என்று பொருள், உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும். அரை வேக்காட்டில் தருவதுதான் இங்கே ருசி என்பார்கள். பழக்கமில்லாத வயிற்றுக்கு அது வேண்டாம். சேற்றில் வாழும் மட்டி சரியாக வேகாவிட்டால் மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். ‘சின் கீ’, நன்றாக வேகட்டும், என்று முதலிலேயே சொல்லுங்கள். வெந்தபின்னும் வாய் திறக்காததைப் பிளக்க முயலாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியில் ‘ஓக் லென்’, தேங்காய்ப்பாலில் வேகவைத்த கூம்பு நத்தை. குச்சிக்கு வேலையில்லை, வாயால் உறிஞ்ச வேண்டும். சமைக்குமுன் வால்முனையை நறுக்கியிருப்பார்கள். வராவிட்டால் முதலில் வால் பக்கம் ஒரு தடவை உறிஞ்சிக் காற்றை இளக்கிவிட்டு, பிறகு வாய்ப் பக்கம் உறிஞ்சுங்கள். சத்தம் வரத்தான் செய்யும். பாலை வழித்தெடுக்க ஒரு பான் மீ சொல்லிவையுங்கள்.

நாலையும் ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள். அடுப்பு வேகமானது, எல்லாம் ஐந்து நிமிட இடைவெளியில் வந்து மேசையில் ஆறிக் கிடக்கும். ஆறிய நத்தை கவுச்சி அடிக்கும். இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். ஒரு தட்டு 60,000 முதல் 1,50,000 வரை. கூட வரும் ‘ராவ் ராம்’ கீரை அலங்காரத்துக்கு அல்ல, ஒவ்வொரு வாய்க்கும் ஓர் இலை கடித்தால் கவுச்சி தெரியாது.

கேட்காமலே மேசைக்கு வரும் கடலைப் பொட்டலமும் ஈரத் துண்டும் இலவசமில்லை. சில ஆயிரம்தான், ஏமாற்று அல்ல, ஊர் வழக்கம். வேண்டாமென்றால் பிரிக்காமல் வையுங்கள். நெருப்பைத் தின்று துப்பும் பையன்கள், ஒலிபெருக்கியோடு பாடி மிட்டாய் விற்பவர்கள் மேசைக்கு மேசை வருவார்கள். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் அசைத்தால் வேண்டாம் என்று பொருள், நகர்ந்துவிடுவார்கள். முட்டை மட்டும் கவனம்: ‘ஹோட் வித் லோன்’ என்பது குஞ்சு உருவான வாத்து முட்டை. அவித்த முட்டை என்று நினைத்து உடைத்தால் இறகு தெரியும்.

எழும்போது ‘தின் தியென்’, கணக்குப் பாருங்கள், என்றால் போதும். தட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

சைவர்களும் பன்றி, மாடு தவிர்ப்பவர்களும்

நேர்மையாகச் சொன்னால், நத்தைத் தெருவில் சைவருக்கு இடமில்லை. ஆனால் இந்த நகரத்தில் சைவம் நல்ல சைவம், பௌத்தத்தின் உபயம். ‘சாய்’ என்ற சொல் பலகையில் இருந்தால் இறைச்சியும் மீனும் கிடையாது, பெரும்பாலும் முட்டையும் பூண்டும்கூடக் கிடையாது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஊரே சைவத்துக்கு மாறும். அன்று வழக்கமான கடைகள் சிலகூட சைவ நூடுல்ஸ் போடும். நம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்துப் பயணத் தேதி வைத்தால் இந்த இரண்டு நாளில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

‘தோய் அன் சாய்’, நான் சைவம், என்பதோடு நிறுத்தாமல் ‘கோம் நூக் மாம்’ என்றும் சேருங்கள். இறைச்சி போடாவிட்டாலும் மீன் சாறு எதிலும் புகுந்துவிடும். பன்றி வேண்டாம் என்பதற்கு ‘கோம் தித் ஹெவ்’, மாடு வேண்டாம் என்பதற்கு ‘கோம் தித் போ’. நூடுல்ஸ் கடைகளில் சாறு எலும்பில் காய்ச்சியது என்பதால், துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவதால் பயனில்லை. ‘சே’ என்ற இனிப்பு, அதாவது பயறும் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட கிண்ணம், எல்லோருக்கும் பொருந்தும், 15,000 முதல் 25,000. ஹலால் வேண்டுபவர்கள் பாலம் தாண்டி டோங் யூ தெருவுக்குப் போக வேண்டும். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது, சுற்றிலும் உணவகங்கள் உண்டு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் வந்தவர்களின் தடம் சாப்பாட்டிலும் இருக்கிறது. தெருவில் ‘கா ரீ’ என்று பலகை பார்த்தால் அது நம் கறிதான். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சர்க்கரைவள்ளியும் சேர்ந்து, மிளகாய் அடங்கி, ரொட்டியோடு வரும்.

பருவமும் தண்ணீரும்

மே முதல் நவம்பர் வரை மழை. பிற்பகலில் அடித்து ஊற்றி ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். ஆன் ஸே நேரம் அதோடு மோதும், ஆகவே குடையைவிடத் தலைவழியே போடும் மழைக்கோட்டு உதவும். அக்டோபர், நவம்பரில் அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றத்தால் கால்வாய் நீர் தாழ்வான தெருக்களில் ஏறும், மழையே இல்லாமலும். சைவ நாளும் வெள்ள நாளும் ஒன்றாக வருவது ஒரு வேடிக்கை. செருப்பு போட்டுப் போங்கள். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் வரும் தேத் புத்தாண்டுக்கு முன்பின் ஒரு வாரம் சந்துக் கடைகள் மூடியிருக்கும். 2026-இல் அது பிப்ரவரி 17.

நள்ளிரவுக்கு மேல்

நத்தைக் கடைகள் சாத்தியபின் பசித்தால் மறுபடி நொய்யரிசிச் சோறு கிடைக்கும், இரவுக்கென்றே போடும் கடைகள் உண்டு. இன்னொன்று ‘ஹூ தியூ கோ’, தட்டல் நூடுல்ஸ். தள்ளுவண்டி சந்து முனையில் நிற்கும். ஒரு பையன் இரண்டு இரும்புத் துண்டையோ மூங்கிலையோ தட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போவான். தட்டும் ஒலிதான் விளம்பரம். இப்போது குறைந்துவிட்டது, பல வண்டிகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. சத்தம் கேட்டால் கூப்பிட்டு ‘மோட் தோ’, ஒரு கிண்ணம், என்று சொல்லிவிட்டு இருக்கும் இடத்திலேயே உட்காருங்கள். கொதிக்கும் கிண்ணத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவான். சாப்பிட்டு முடித்தபின் தேடிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதில்லை. கிண்ணத்தை வாசலோரம் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம், சுற்றி வரும்போது அவனே எடுத்துக்கொள்வான்.